சத்தம் தடுக்கும் கண்ணாடியை இனங்காண்பது எப்படி?
(போடிமெட்டுச் சாலையோர வீடு ஒன்றை முன்வைத்து ஒரு பாடம்)



வீடு கட்டும்போது நாம் எளிதில் ஏமாறக்கூடிய பொருள் கண்ணாடிதான். மரத்தைத் தட்டிப் பார்க்கலாம். செங்கல்லைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம். சிமெண்ட் மூட்டையில் தேதி அச்சடித்திருக்கும். கண்ணாடி அப்படியல்ல. நல்லதும் மட்டமானதும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். அதிலும் இரண்டு கண்ணாடிகளைச் சேர்த்து ஒட்டி, சட்டத்துக்குள் பொருத்திவிட்டால், உள்ளே என்ன இருக்கிறது என்பதை விற்றவர் சொல்வதை வைத்துத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

கொச்சியில் கட்டடங்களுக்கு ஜன்னல் பொருத்தும் தொழிலில் பல ஆண்டுகளாக இருப்பவன் நான். சங்கக் கூட்டங்களுக்கு வரும்போது நம்மவர்கள் பலரும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “டபுள் கிளாஸ் போட்டால் சத்தம் வராதாமே, உண்மையா?” நெடுஞ்சாலையோரம் அடுக்குமாடி வாங்கியவர்கள் கேட்கிறார்கள். ஊரில் அம்மா அப்பாவுக்கு வீடு கட்டுகிறவர்கள் கேட்கிறார்கள். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்தவர்களும் கேட்கிறார்கள். எல்லாரும் வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தைத்தான் அதில் போடுகிறார்கள். ஆகவே இந்தக் கேள்விக்கு ஒரு முழுப் பாடமாகவே பதில் எழுதலாம் என்று தோன்றியது.

போடிமெட்டில் என்ன சத்தம்?

போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டைஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. தமிழ்நாடு முடிந்து கேரளத்தின் இடுக்கி மாவட்டம் தொடங்கும் மலை உச்சி அது. கொச்சியில் தொடங்கி மூணாறு, பூப்பாறை, போடி, தேனி, மதுரை வழியாகத் தொண்டி வரை செல்லும் 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இந்த வழியாகத்தான் போகிறது. மூணாறு–போடிமெட்டுச் சாலை, சுமார் 42 கிலோமீட்டர், அகலப்படுத்தப்பட்டு 2024 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்டது. சாலை நன்றானதும் வண்டிகளும் கூடின.

விடியும் முன்பே போடிப் பக்கத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிய ஜீப்புகள் வரிசையாக மேலே வரும். காய்கறி லாரிகள், மூணாறுக்குப் போகும் சுற்றுலா வேன்கள், வளைவுக்கு வளைவு ஏர்ஹாரன். ஏற்றத்தில் எல்லா வண்டியும் தாழ்ந்த கியரில் முக்கிக்கொண்டு ஏறுவதால் சமதளத்தில் கேட்பதைவிட எஞ்சின் உறுமல் அதிகம்.

என் தங்கை வீடு அந்தச் சாலையில், கேரளப் பக்கம் இருக்கிறது. மச்சான் ஜீப் ஓட்டுகிறார். அதிகாலை இரண்டு நடை அடித்துவிட்டுப் பகலில்தான் தூங்குவார். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். இரவில் படிப்பு, பிறகு அரைகுறைத் தூக்கம். சாலையைப் பார்த்த படுக்கையறைக்கு ‘சவுண்ட் ப்ரூஃப் டபுள் கிளாஸ்’ ஜன்னல் போடலாம் என்று சாதாரண ஜன்னலைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விலைக்கு ஒரு வியாபாரியிடம் சொல்லி, முன்பணமும் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கண்ணாடியை எப்படிச் சோதித்தோம் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அடிப்படை.

டெசிபெல் கணக்கு

ஒலியின் அளவை டெசிபெல் என்று கூறுகிறோம். இது கூட்டல் கணக்கு அல்ல, பெருக்கல் கணக்கு. 10 டெசிபெல் குறைந்தால் நம் காதுக்குச் சத்தம் ஏறக்குறையப் பாதியானதுபோல் இருக்கும். 3 டெசிபெல் குறைந்தால் வித்தியாசம் இலேசாகத் தெரியும், அவ்வளவே.

இந்தியாவில் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பாவுக்கு வெளியிட்ட வழிகாட்டுதலிலும், சாலைப் போக்குவரத்தின் இரவுச் சத்தம் 45 டெசிபெலுக்குக் கீழே இருக்கவேண்டும் என்றே பரிந்துரை செய்திருக்கிறது. இது வீட்டுக்கு வெளியே அளக்கும் அளவு. நெடுஞ்சாலையோரம் லாரி கடக்கும்போது இதைவிட மிக அதிகமாகவே இருக்கும்.

ஒரு ஜன்னல் எத்தனை டெசிபெல் குறைக்கிறது என்பதற்கு ஆய்வகத்தில் அளந்து கொடுக்கும் எண் உண்டு. ‘ஆர்.டபிள்யூ.’ என்று அட்டவணையில் போட்டிருப்பார்கள். அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இரண்டு கழித்தல் எண்கள் இருக்கும். இரண்டாவது எண்தான் சாலைப் போக்குவரத்துக்கானது. அதைக் கழித்துப் பார்த்தால்தான் நமக்கு வேண்டிய உண்மைக் கணக்கு கிடைக்கும்.

தயாரிப்பாளர்களின் அட்டவணைகளில் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

4 மில்லிமீட்டர் ஒற்றைக் கண்ணாடி: 29
4 மி.மீ. கண்ணாடி, 16 மி.மீ. இடைவெளி, 4 மி.மீ. கண்ணாடி: 30
6 மி.மீ., 16 மி.மீ. இடைவெளி, 4 மி.மீ.: 34 அல்லது 35
10 மி.மீ., 16 மி.மீ. இடைவெளி, ஒலித்தடுப்புப் படலம் வைத்த 8.8 மி.மீ. அடுக்குக் கண்ணாடி: 44 அல்லது 45

முதல் இரண்டு வரிகளை மறுபடி படியுங்கள். ஒற்றைக் கண்ணாடிக்கும் சாதாரண இரட்டைக் கண்ணாடிக்கும் வித்தியாசம் ஒன்றிரண்டு டெசிபெல்தான்! பழைய ஜன்னலை மாற்றியதும் “சத்தம் குறைந்துவிட்டதே” என்று சிலர் சொல்வது, பெரும்பாலும் புதிய ஜன்னலில் சந்து இல்லாமல் ரப்பர் பட்டை இறுக்கமாக இருப்பதால்.

சாதாரண இரட்டைக் கண்ணாடி கண்டுபிடிக்கப்பட்டது குளிரைத் தடுக்கத்தான். அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. வெப்பம் வெளியேறுவதைப் பாதியாகக் குறைக்கும். போடிமெட்டுக் குளிருக்கு அது நல்லதுதான். குளிரைத் தடுப்பது வேறு, சத்தத்தைத் தடுப்பது வேறு.

மூன்று விதிகள்

முதல் விதி: எடை. கனமான பொருளை அசைப்பது ஒலி அலைக்குக் கடினம். கண்ணாடியின் எடை இரட்டித்தால் கணக்குப்படி 6 டெசிபெல், நடைமுறையில் அதைவிடச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும்.

இரண்டாம் விதி: ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒரு பலவீனமான சுருதி உண்டு. அந்தச் சுருதியில் ஒலி வந்தால் கண்ணாடி தானும் சேர்ந்து அலைபோல் நெளிந்து ஒலியை உள்ளே விட்டுவிடும். 12,000ஐக் கண்ணாடியின் தடிமனால் வகுத்தால் அந்தச் சுருதி ஏறத்தாழ வந்துவிடும். 4 மி.மீ. கண்ணாடிக்கு 3,000 ஹெர்ட்ஸ், 6 மி.மீ.க்கு 2,000 ஹெர்ட்ஸ். இரண்டு பக்கமும் ஒரே 4 மி.மீ. கண்ணாடி வைத்தால் இரண்டுக்கும் பலவீனம் ஒரே இடத்தில். ஒரே இடத்தில் கிழிந்த இரண்டு சாக்குகளை ஒன்றுக்குள் ஒன்று போட்டால் ஏலக்காய் கொட்டத்தான் செய்யும்; வேறு வேறு இடத்தில் கிழிந்திருந்தால் கொட்டாது. ஆகவே இரண்டு கண்ணாடிகளும் வெவ்வேறு தடிமனாக இருப்பது நல்லது.

மூன்றாம் விதி: இடைவெளிக் காற்று ஒரு ஸ்பிரிங். இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் அடைபட்ட காற்று ஸ்பிரிங்போல வேலை செய்து, ஒரு குறிப்பிட்ட தாழ்ந்த சுருதியில் இரண்டையும் சேர்த்து ஆட்டும். 4–16–4 அமைப்பில் இது சுமார் 210 ஹெர்ட்ஸ். ஆறு சிலிண்டர் லாரி எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடினால் நொடிக்கு 100 முறை வெடிப்பு நிகழும். அதன் இரட்டிப்பு 200. அதாவது ஏற்றத்தில் முக்கும் லாரியின் உறுமல் விழும் இடமும், சாதாரண இரட்டைக் கண்ணாடி தோற்கும் இடமும் ஏறத்தாழ ஒன்றே. இடைவெளியைப் 10 சென்டிமீட்டர் ஆக்கினால் இந்தச் சுருதி 85 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அப்போது 200 ஹெர்ட்ஸ் உறுமலைத் தடுக்கும் வலு ஜன்னலுக்கு வந்துவிடும்.

அடுக்குக் கண்ணாடி என்றால் என்ன?

லேமினேட்டட் என்று கடைக்காரர்கள் சொல்வது, இரண்டு கண்ணாடிகளின் நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஒட்டியது. பிரான்சு நாட்டு வேதியியலாளர் எதுவார் பெனடிக்டஸ் 1909இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கார்களின் முன்கண்ணாடி இந்த வகைதான்; உடைந்தாலும் சிதறாது.

இந்தப் படலம் கண்ணாடியின் நெளிவை உறிஞ்சிக்கொள்வதால், இரண்டாம் விதியில் சொன்ன பலவீனம் குறைகிறது. ஒலித்தடுப்புக்கென்றே நடுவில் மிருதுவான அடுக்குக் கொண்ட தனிப்படலமும் உண்டு. சாதாரணப் படலத்தைவிட இது மேலும் இரண்டு மூன்று டெசிபெல் குறைக்கும். ஆகவே ‘சத்தம் தடுக்கும் கண்ணாடி’ என்று நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால் அதில் மூன்று குணங்கள் வேண்டும்: மொத்தத்தில் கனம், இரண்டு பக்கமும் வேறு வேறு தடிமன், ஒரு பக்கமாவது ஒலித்தடுப்புப் படலம் வைத்த அடுக்குக் கண்ணாடி.

இனங்காணும் வழிகள்

1. எழுத்தைப் படியுங்கள். இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் ஓரமாக ஓடும் அலுமினியப் பட்டையில் தயாரிப்பாளர் பெயர், தேதி, சில சமயம் 6.8–16–4 என்பதுபோல அமைப்பும் அச்சிட்டிருக்கும். ஐரோப்பாவில் ஈ.என். 1279 என்ற தர எண்ணும் இருக்கும். முழு எண்ணாக இல்லாமல் 6.4, 6.8, 8.8 என்று புள்ளியோடு இருந்தால் அது அடுக்குக் கண்ணாடி. 44.2 என்று எழுதியிருந்தால் இரண்டு 4 மி.மீ. கண்ணாடி, நடுவில் இரண்டு படலம் என்று பொருள்.

2. மூலை முத்திரை. கண்ணாடியின் மூலையில் பொடி எழுத்தில் முத்திரை இருக்கலாம். ஈ.என். 12150 என்றால் டஃபன்ட், அதாவது சூடாக்கிக் குளிர்வித்து வலுவேற்றிய கண்ணாடி. ஈ.என். 14449 என்றால் அடுக்குக் கண்ணாடி. நம் நாட்டில் ஐ.எஸ். 2553 என்ற எண் பாதுகாப்புக் கண்ணாடிக்கானது. அது இரு வகைக்கும் பொருந்தும் என்பதால், எந்த வகை என்று முத்திரையில் மேற்கொண்டு பார்க்கவேண்டும். வலுவேற்றிய கண்ணாடி உடைவதற்குத்தான் கடினம். சத்தத்தைத் தடுப்பதில் அதே தடிமன் சாதாரணக் கண்ணாடிக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

3. விளக்கின் பிம்பம். இரவில் அறையை இருட்டாக்கி, கைப்பேசி விளக்கைக் கண்ணாடிக்குச் சற்றுச் சாய்வாகப் பிடியுங்கள். ஒற்றைக் கண்ணாடியில் இரண்டு பிம்பம் நெருங்கித் தெரியும். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. இரட்டைக் கண்ணாடியில் இரண்டு ஜோடி, மொத்தம் நான்கு பிம்பம். ஒவ்வொரு ஜோடிக்குள்ளும் இருக்கும் இடைவெளி அந்தக் கண்ணாடியின் தடிமனைக் காட்டும். இரண்டு ஜோடியும் ஒரே அளவில் இருந்தால் இரண்டு கண்ணாடியும் ஒரே தடிமன். ஒரு ஜோடி அகன்றிருந்தால் அந்தப் பக்கம் தடித்த கண்ணாடி. ஒரு பிம்பம் மட்டும் இளஞ்சிவப்பாகவோ வேறு நிறமாகவோ தெரிந்தால் அது வெப்பம் தடுக்கும் பூச்சு. சத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அடுக்குக் கண்ணாடியின் படலம் தனிப் பிம்பமாக எளிதில் தெரியாது. ஏனென்றால் ஒளியை வளைப்பதில் படலமும் கண்ணாடியும் ஏறக்குறைய ஒன்றே. தீக்குச்சி, மெழுகுவத்தி கொண்டும் பார்க்கலாம். ஆனால் திரைச்சீலை பக்கத்தில் இருக்கும்போது வேண்டாம்.

4. விளிம்பு. பொருத்துவதற்கு முன் வெறும் கண்ணாடியாகக் கிடைத்தால் இதுவே நல்ல சோதனை. மூலையில் ஒட்டுப்பசை கொஞ்சம் விலகிய இடத்தில் விளிம்பைப் பார்த்தால், அடுக்குக் கண்ணாடியில் நடுவே மெல்லிய கோடு ஓடும். பொருத்திய பிறகு சட்டத்தின் பீடிங் அதை மறைத்துவிடும். பீடிங்கை நீங்களே கழற்ற முயலவேண்டாம். வேலை தெரிந்தவர் கழற்றட்டும்.

5. எடை. இதற்கு எந்தப் படிப்பும் தேவையில்லை. ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் இரண்டரைக் கிலோ. 120 செ.மீ.க்கு 100 செ.மீ. ஜன்னல் என்றால் 1.2 சதுர மீட்டர். அதில் 4–16–4 போட்டால் 8 மி.மீ. கண்ணாடி, எடை 24 கிலோ. 6.8 அடுக்கும் 6 மி.மீ.யும் போட்டால் சுமார் 37 கிலோ. ஓரப் பட்டைக்கும் பசைக்கும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். எடையை வைத்து இது அடுக்குக் கண்ணாடி என்று நிரூபிக்க முடியாது. ஆனால் மெல்லிய கண்ணாடியைத் தடித்தது என்று யாரும் சொல்லி ஏய்க்க முடியாது.

6. தட்டிப் பார்ப்பது. விரல் முட்டியால் தட்டினால் சாதாரணக் கண்ணாடி கணீரென்றும் அடுக்குக் கண்ணாடி மந்தமாகவும் ஒலிக்கும். பக்கத்தில் தெரிந்த கண்ணாடி ஒன்றை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் இது பயன்படும். இதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

7. தாள். சாதாரணப் படலமா, ஒலித்தடுப்புப் படலமா என்பதைக் கண்ணால் காண முடியாது. இங்கே பொருளின் பெயர் மட்டுமே சாட்சி. செயின்ட் கோபேனின் ‘ஸ்டாடிப் சைலன்ஸ்’, பில்கிங்டனின் ‘ஆப்டிஃபோன்’, ஏ.ஜி.சி.யின் ‘ஸ்ட்ராட்டோஃபோன்’ ஆகியவை இந்த வகை. பில்லில் பொருளின் பெயர், இரண்டு கண்ணாடிகளின் தடிமன், இடைவெளி, டெசிபெல் எண் ஆகிய நான்கும் எழுதி வாங்குங்கள். ‘சவுண்ட் ப்ரூஃப் கிளாஸ்’ என்று மட்டும் எழுதிய பில் எதற்கும் உதவாது.

நம்பக்கூடாத பேச்சுகள்

“நடுவில் வெற்றிடம் சார், சத்தமே போகாது” என்பார்கள். சாதாரண இரட்டைக் கண்ணாடிக்குள் இருப்பது உலர்ந்த காற்று அல்லது ஆர்கான் வாயு. வெற்றிடமாக்கினால் வெளிக்காற்றின் அழுத்தத்தில் கண்ணாடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உண்மையான வெற்றிடக் கண்ணாடி ஜப்பானில் 1997 முதல் விற்பனையில் இருக்கிறது. அதில் இடைவெளி ஒரு மில்லிமீட்டரும் இருக்காது. இரண்டையும் தாங்கும் சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசையாகக் கண்ணுக்குத் தெரியும்.

“ஆர்கான் நிரப்பியிருக்கிறோம், சத்தம் வராது” என்பார்கள். ஆர்கான் வெப்பத்துக்கு உதவும்; சத்தத்துக்குக் குறிப்பிடத்தக்க உதவி இல்லை. சத்தத்துக்காகச் சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு என்ற கனமான வாயுவை ஒரு காலத்தில் நிரப்பினார்கள். அது புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட இருபதாயிரம் மடங்குக்கு மேல் கொடியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007, 2008ஆம் ஆண்டுகளில் ஜன்னல்களுக்கு அதைத் தடைசெய்துவிட்டார்கள்.

“மூன்று கண்ணாடி போட்டால் இன்னும் நல்லது” என்பார்கள். மூன்றும் மெல்லியதாக, இடைவெளியும் குறுகலாக இருந்தால் எடைக்குத் தகுந்த பலன்தான் கிடைக்கும். அந்தப் பணத்துக்கு ஒரு பக்கம் நல்ல அடுக்குக் கண்ணாடி வாங்குவது மேல்.

சந்து என்ற திருடன்

நல்ல கண்ணாடி வாங்கியும் பலன் கிடைக்காததற்கு முதல் காரணம் சந்து. கணக்கைப் பாருங்கள். ஜன்னல் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தால், கண்ணாடி எவ்வளவு உயர்ந்ததானாலும் 20 டெசிபெலுக்கு மேல் தடுக்காது. ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் 30 டெசிபெல். நாம் சொன்ன 120க்கு 100 செ.மீ. ஜன்னலில், கீழ்ப்பக்கம் முழுவதும் ஒரே ஒரு மில்லிமீட்டர் சந்து இருந்தால் அதுதான் ஆயிரத்தில் ஒரு பங்கு! 44 டெசிபெல் கண்ணாடிக்குக் கொடுத்த பணம் அந்த ஒரு மில்லிமீட்டரில் போய்விடுகிறது.

ஆகவே தள்ளும் ஜன்னலைவிடக் கதவுபோல் திறந்து இறுக மூடும் ஜன்னல் சிறந்தது. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியை முழுவதும் அடைக்க வேண்டும். சுவரில் மேலே காற்றுக்காக விட்ட துவாரம், கதவின் அடிச்சந்து, ஓட்டுக்கூரையின் இடுக்கு எல்லாவற்றையும் பாருங்கள். ஓட்டுவீட்டில் கூரையை அப்படியே விட்டுவிட்டு ஜன்னலுக்கு மட்டும் பணம் போடுவது வீண்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மலையூரில் குளிருக்குச் சட்டியில் கரிக்கங்கு வைத்து அறைக்குள் கொண்டுபோகும் வழக்கம் உண்டு. இப்படி இறுக அடைத்த அறையில் அது உயிருக்கே ஆபத்து. கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். சத்தம் அடைத்த அறையில் நெருப்பு வைக்கக் கூடாது. காற்றுக்குச் சாலைப்பக்கம் அல்லாத வேறு பக்கத்தில் வழி வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கை வீட்டில் நடந்தது

கண்ணாடி வந்து இறங்கியதும் மச்சான் போன் செய்தார்: “மச்சான், சாமான் வந்திருச்சு. மாட்டச் சொல்லவா?” மாட்டவேண்டாம், முதலில் நிறுத்துப் பாருங்கள் என்றேன். ஏலக்காய் எடைபோடும் வீட்டில் தராசுக்கா பஞ்சம்! ஜன்னல் அளவு 120க்கு 100. எடை 25 கிலோவுக்குக் கொஞ்சம் கூட. பேசியது 6.8 அடுக்கும் 6 மி.மீ.யும், 37 கிலோவுக்கு மேல் இருந்திருக்கவேண்டும். இரவில் மருமகள் கைப்பேசி விளக்கை வைத்துப் பார்த்து, “மாமா, ரெண்டு ஜோடியும் ஒரே மாதிரிதான் தெரியுது” என்றாள். விளிம்பில் கோடும் இல்லை. ஆக, வந்திருந்தது சாதாரண 4 மி.மீ. இரட்டைக் கண்ணாடி.

வியாபாரி முதலில் “எல்லாம் ஒண்ணுதான்” என்றார். அவர் வேண்டுமென்றே செய்தாரா, அவருக்கு அனுப்பியவர்கள் மாற்றி அனுப்பினார்களா என்பது தெரியாது. எங்கள் கையில் மூன்று பலம் இருந்தன: பில்லில் தடிமன் எழுதி வாங்கியிருந்தோம்; மீதிப்பணம் கொடுக்கவில்லை; கண்ணாடியைச் சட்டத்தில் மாட்டவும் இல்லை. மூன்றில் ஒன்று இல்லாதிருந்தாலும் பேச்சு வளர்ந்திருக்கும். மூன்று வாரத்தில் சரியான கண்ணாடி வந்தது.

இப்போது அந்த அறை அமைதியாகிவிட்டதா? முழுக்க இல்லை. லாரி ஏறுவது கேட்கத்தான் செய்கிறது. ஹாரனின் கூர்மை போய்விட்டது. மருமகள் சொன்னதுதான் சரியான அளவுகோல்: “கேட்குது மாமா. ஆனா எழுப்பல.” இதைவிட அதிகமாக எந்தக் கண்ணாடியும் வாக்குக் கொடுக்க முடியாது. முழுவதும் சத்தம் போகாது என்று சொல்கிறவரிடம் கவனமாக இருங்கள்.

பிறநாட்டு அனுபவம்

இங்கிலாந்தில் இந்தப் பிரச்சினையை அரசே கையிலெடுத்தது. இரைச்சல் பற்றி ஆராய்ந்த வில்சன் குழு 1963இல் அறிக்கை கொடுத்தது. பிறகு ஹீத்ரோ விமானநிலையத்தைச் சுற்றியுள்ள வீடுகளுக்கு ஒலித்தடுப்பு உதவித்தொகை வந்தது. நம் தமிழ்க் குடும்பங்களும் வசிக்கும் ஹவுன்ஸ்லோ வட்டாரம் விமானங்கள் இறங்கும் பாதையின் கீழேதான் இருக்கிறது. 1975ஆம் ஆண்டின் விதிகள், புதிய சாலையால் வீட்டுக்கு வெளியே சத்தம் 68 டெசிபெலை எட்டினால் ஜன்னலுக்கு உதவி தரவேண்டும் என்று வகுத்தன.

அங்கே கொடுத்தது என்ன தெரியுமா? பழைய ஜன்னலைப் பெயர்க்காமல், உட்புறம் தள்ளி இன்னொரு ஜன்னல். கூடவே காற்றுக்கு ஒரு கருவி. மூன்றாம் விதியில் சொன்ன அகன்ற இடைவெளிதான் அதன் இரகசியம். இது நம் ஊர் ஆசாரியும் செய்யக்கூடிய வேலை. சுவர் தடிமனாக இருக்கும் பழைய வீடுகளில், இருக்கும் 4 மி.மீ. ஜன்னலுக்கு உள்ளே 10 செ.மீ. தள்ளி 6 மி.மீ. கண்ணாடியில் இறுக மூடும் இரண்டாவது ஜன்னல் போட்டால், விலையுயர்ந்த இரட்டைக் கண்ணாடிக்கு ஈடான பலனைக் குறைந்த செலவில் பெறலாம்.

பயிற்சி

வீட்டில் பிள்ளைகளோடு சேர்ந்து செய்து பாருங்கள்.

1. உங்கள் வீட்டு ஜன்னலில் விளக்குப் பிம்பங்களை எண்ணுங்கள். எத்தனை? ஜோடிகள் சம அளவா?

2. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஜன்னலில் 6–12–4 கண்ணாடி. எடை எவ்வளவு? (விடை: 10 மி.மீ. கண்ணாடி, 25 கிலோ.)

3. 10 மி.மீ. கண்ணாடியின் பலவீனமான சுருதி எது? (விடை: சுமார் 1,200 ஹெர்ட்ஸ்.)

4. கைப்பேசியில் ஒலி அளக்கும் செயலியை வைத்து, ஒரே இடத்தில் ஜன்னலைத் திறந்தும் மூடியும் அளவெடுங்கள். அந்த எண் துல்லியமாக இராது. ஆனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பயன்படும். வித்தியாசம் 20க்குள் இருந்தால் கண்ணாடியை மாற்றுமுன் சந்தைத் தேடுங்கள். ஜன்னலோரம் ஈரக்கையை வைத்துப் பார்த்தாலே காற்று எங்கே நுழைகிறது என்று தெரியும்.

ஜன்னல் வாங்கப் போகிறவர்கள் இந்த இதழைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கண்ணாடி வந்ததும் எழுத்து, பிம்பம், விளிம்பு, எடை என்ற வரிசையில் பாருங்கள். பார்த்து முடிக்கும்வரை சட்டத்தில் மாட்ட விடாதீர்கள்; மீதிப்பணத்தையும் கொடுக்காதீர்கள்.